டேப்லெட்டுக்கு வாரண்டி மறுக்கப்பட்டால் என்ன செய்வது? 'பிசிக்கல் டேமேஜ்' என்ற பதிலுக்குப் பின்னால் உள்ள சட்டம்

புது டெல்லி: வாங்கி ஒன்பது மாதங்களே ஆன டேப்லெட் ஒரு நாள் காலையில் சார்ஜ் ஏற மறுக்கிறது. ஓராண்டு வாரண்டியில் இன்னும் மூன்று மாதங்கள் மிச்சமிருக்கின்றன. பில்லும் பத்திரமாக உள்ளது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஊழியர் கருவியை வாங்கித் திருப்பிப் பார்க்கிறார். மூலையில் அரிசி அளவுக்கு ஒரு நசுங்கல். "பிசிக்கல் டேமேஜ் இருக்கிறது, வாரண்டி கிடையாது" என்கிறார். மதர்போர்டை மாற்றுவதற்கு அவர் சொல்லும் தொகை, டேப்லெட்டின் விலையில் பாதியைத் தாண்டுகிறது.

நாட்டின் எந்த நகரத்துச் சர்வீஸ் சென்டரிலும் காணக்கூடிய காட்சி இது. பிள்ளையின் படிப்புக்காகத் தவணையில் வாங்கிய குடும்பத்துக்கு அந்தத் தொகை சிறியதல்ல. தேர்வு நெருங்கும் மாதமென்றால் காத்திருக்கவும் இயலாது. எனவே பெரும்பாலோர் கேட்ட பணத்தைக் கட்டுகின்றனர், அல்லது பழுதான கருவியை அலமாரியில் வைத்துவிட்டு வேறொன்று வாங்குகின்றனர். பத்தாயிரம், இருபதாயிரம் ரூபாய்ப் பொருளுக்காக யார் நீதிமன்றம் ஏறுவது என்ற தயக்கம்தான் காரணம்.

ஆனால், இத்தகைய வழக்கின் முடிவு பெரும்பாலும் நுகர்வோர் ஆணையத்தில் தீர்மானிக்கப்படுவதில்லை. சர்வீஸ் சென்டரின் மேசையில் முதல் நாள் எழுதப்படும் ஒரு தாளிலேயே அது தீர்மானமாகிவிடுகிறது. அந்தத் தாளில் என்ன எழுதப்பட வேண்டும் என்பதை அறிய, 'குறைபாடு' என்றும் 'சேதம்' என்றும் சொல்லப்படுபவற்றின் வேறுபாட்டை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

வாரண்டி அட்டை சொல்வது என்ன?

டேப்லெட்டுடன் வரும் உத்தரவாதம் பொதுவாக 'வரையறுக்கப்பட்ட வாரண்டி' எனப்படும் வகையைச் சேர்ந்தது. கருவிக்கு ஓராண்டு, உடன் தரப்படும் சார்ஜர், கேபிள் போன்றவற்றுக்கு ஆறு மாதங்கள் என்பது இந்தியச் சந்தையில் பரவலாகக் காணப்படும் கால அளவு. பேட்டரிக்குச் சில நிறுவனங்கள் தனிக் காலம் வைத்துள்ளன. மூலப்பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறையால் ஏற்படும் பழுதுகள் இதில் அடங்கும். கீழே விழுந்து உடைவது, நீர் புகுவது, மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் கருகுவது, அங்கீகாரம் இல்லாத கடையில் கருவியைத் திறப்பது ஆகியவை விலக்குகளாகப் பட்டியலிடப்பட்டிருக்கும்.

கீழே போட்டு உடைத்த திரையை வாரண்டியில் மாற்றித்தர வேண்டும் என்று கேட்க முடியாது. சட்டமும் அதற்குத் துணைநிற்பதில்லை. உடைத்தவர் அதை மறைத்து வாதிடுவதால் கிடைப்பது அலைச்சல் மட்டுமே. சிக்கல் எழுவது, உடைப்பும் பழுதும் ஒரே கருவியில் இருந்தும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதபோதுதான்.

விலக்கு நிபந்தனைகளை நிதானமாகப் படித்தால் ஒரு செய்தி புலப்படும். பெரும்பாலான வாரண்டி ஆவணங்கள், விபத்து, தவறான பயன்பாடு போன்றவற்றால் 'ஏற்பட்ட' பழுதையே விலக்குகின்றன. மூலையில் ஒரு நசுங்கல் இருந்தால் கருவி முழுவதற்கும் வாரண்டி ரத்து என்பது அதன் பொருள் அல்ல. நசுங்கலால்தான் சார்ஜ் ஏறவில்லை என்றால் விலக்கு பொருந்தும். நசுங்கல் ஒருபுறமும், சார்ஜிங் பகுதி அதற்கு எதிர்ப்புறமும் இருந்தால், இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பதை விளக்க வேண்டிய இடத்தில் சர்வீஸ் சென்டர் நிற்கிறது. நடைமுறையில் இக்கேள்வி கேட்கப்படுவதே இல்லை. ஊழியர் 'பிசிக்கல் டேமேஜ்' என்று சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 'குறைபாடு' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கம் வாரண்டி அட்டையைவிட அகலமானது. சட்டப்படியோ, வெளிப்படையான அல்லது உள்ளார்ந்த ஒப்பந்தப்படியோ, வணிகர் எந்த வகையிலேனும் கூறிக்கொண்டபடியோ பேணப்பட வேண்டிய தரத்தில் உள்ள எந்தப் பிழையும் போதாமையும் குறைபாடே என்கிறது அச்சட்டத்தின் 2(10) பிரிவு. விளம்பரத்தில் சொன்னதும் இதில் சேரும். அதற்கும் முந்தைய 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், விற்கப்படும் பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்பதைக் குறிப்பிட்ட சூழல்களில் உள்ளார்ந்த நிபந்தனையாகவே கொள்கிறது. ஆக, அட்டையில் அச்சிட்டிருப்பது மட்டுமே நுகர்வோரின் உரிமை அன்று.

நீர், வீக்கம், கோடு

சேதமா, குறைபாடா என்ற பூசல் அடிக்கடி எழும் இடங்கள் மூன்று.

முதலாவது நீர். பல டேப்லெட்டுகளின் உள்ளே, நீர் பட்டால் நிறம் மாறும் சிறிய வெள்ளை ஒட்டுத்தாள் பொருத்தப்பட்டிருக்கும். அது சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறியிருந்தால் நீர் புகுந்ததாகச் சர்வீஸ் சென்டர் முடிவு செய்கிறது. கருவி உள்ளே கொண்டுசெல்லப்பட்டுத் திறக்கப்பட்ட பிறகு, நிறம் மாறிய தாளின் படத்தை மட்டும் காட்டுவது வழக்கம். அந்தப் படம் தமது கருவியினுடையதுதானா என்பதை அறிய வாடிக்கையாளருக்கு வழியில்லை. தம் கண்ணெதிரே திறக்குமாறு கேட்கலாம். இயலாது என்றால், வரிசை எண் தெரியும்படி எடுத்த படத்தையும் எழுத்துப்பூர்வமான அறிக்கையையும் கோரலாம். தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே மறைப்பது 'சேவைக் குறைபாடு' என்ற வரையறைக்குள் வரும் என்று 2(11) பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது.

இரண்டாவது பேட்டரி வீக்கம். லித்தியம் பேட்டரிக்குள் வாயு உண்டாகி அது உப்பும்போது திரை சட்டகத்திலிருந்து மெல்ல மேலெழும். சில வேளைகளில் உள்ளிருந்து வரும் அழுத்தத்தால் கண்ணாடியில் விரிசலும் விழும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கீழே விழுந்து உடைந்தது போலத் தோன்றக்கூடும். அடிபட்ட விரிசல் பெரும்பாலும் ஒரு புள்ளியிலிருந்து சிலந்தி வலைபோல் பரவும். அந்த இடத்தில் கண்ணாடித் துகள் பெயர்ந்த தடயமும் இருக்கும். உள்ளழுத்தத்தால் விழும் விரிசலில் அத்தகைய அடிப்புள்ளி தெரியாமல் போகலாம். இது உறுதியான சோதனை அல்ல. ஆயினும், ஊழியர் அவசரமாக முடிவெடுக்கும்போது சுட்டிக்காட்டத் தக்க வேறுபாடு. வீங்கிய பேட்டரி உள்ள கருவியைச் சார்ஜில் போடுவதோ அழுத்தி மூட முயல்வதோ கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

மூன்றாவது, திரையில் திடீரெனத் தோன்றும் பச்சை அல்லது இளஞ்சிவப்புக் கோடுகள், தொடுதிரையின் ஒரு பகுதி செயலிழப்பது போன்றவை. வெளிப்புறக் கண்ணாடியில் கீறல்கூட இல்லாவிட்டால் இவை குறைபாடாகவே கருதப்பட வேண்டியவை. வாரண்டி காலத்துக்குள் இருந்தால் வாதம் எளிது.

முதல் நாள் எழுதப்படும் தாள்

சர்வீஸ் சென்டரில் கருவியைப் பெற்றுக்கொள்ளும்போது தரப்படும் 'ஜாப் ஷீட்' என்ற தாளில் தேதி, வரிசை எண், வாடிக்கையாளர் சொன்ன பழுது, கருவியின் வெளித்தோற்ற நிலை ஆகியவை பதிவாகும். கடைசியாகச் சொன்ன கட்டத்தில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகின்றனர். புத்தம் புதிதாகத் தோன்றும் கருவிக்கும் 'கீறல், நசுங்கல்' என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வாடிக்கையாளர் படிக்காமல் கையெழுத்திட்டால், பின்னர் எழும் எந்த வழக்கிலும் அதுவே அவருக்கு எதிரான முதல் சான்றாகிவிடும்.

கையெழுத்திடுவதற்கு முன் அந்தக் கட்டத்தைப் படிக்க வேண்டும். உண்மைக்கு மாறாக இருந்தால் திருத்தச் சொல்ல வேண்டும். திருத்த மறுத்தால், 'வெளிச்சேதம் இல்லை' என்றோ 'மேல் வலது மூலையில் சிறு நசுங்கல், பழுதுக்குத் தொடர்பில்லை' என்றோ தம் கையாலேயே எழுதிக் கையெழுத்திடலாம். கருவியை ஒப்படைக்கும் முன், அந்த மேசையிலேயே வைத்து ஆறு பக்கங்களையும் வரிசை எண்ணையும் கைப்பேசியில் காணொளியாகப் பதிவுசெய்வது இன்னும் நல்லது. சிம் வசதியுள்ள டேப்லெட்டுக்கு ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கும், வைஃபை மட்டும் உள்ள மாடல்களுக்கு அது இராது என்பதால் வரிசை எண்ணே அடையாளம். வீட்டுக்கே வந்து எடுத்துச்செல்லும் கூரியர் முறையில், பெட்டியில் வைத்து மூடும்வரை பதிவுசெய்யாவிட்டால், வழியில் நேர்ந்த உடைப்பும் வாடிக்கையாளரின் தலையில் விழலாம்.

தேதி மிக முக்கியம். வாரண்டி முடிவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் பழுதாகும் கருவியை 'ஸ்பேர் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்' என்று திருப்பியனுப்பினால், அடுத்த வாரம் வாரண்டி முடிந்திருக்கும். அன்றைய தினமே ஜாப் ஷீட் போட வற்புறுத்த வேண்டும். மறுத்தால், அங்கு நின்றபடியே நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பிப் புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ளலாம். வாரண்டி காலத்துக்குள் புகார் பதிவானதற்கு அதுவே ஆதாரம்.

வாரண்டி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்பது அடுத்த படி. வாய்மொழி மறுப்பை எங்கும் காட்ட முடியாது. எழுதித்தர மறுக்கும் இடத்தில், 'இன்று இந்தக் காரணத்துக்காக வாரண்டி மறுக்கப்பட்டது. பழுதுக்கும் சேதத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கவும்' என்று வாடிக்கையாளரே மின்னஞ்சல் அனுப்பிவிடலாம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது பயன்படும்.

தரவு பற்றியும் ஒரு சொல். பழுதுபார்க்கும்போது கருவியின் நினைவகம் அழிக்கப்படலாம் என்றும் அதற்குப் பொறுப்பில்லை என்றும் ஏறக்குறைய எல்லா ஜாப் ஷீட்டுகளிலும் அச்சிட்டிருக்கும். திரை இயங்கும் நிலையில் இருந்தால் கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு, கணக்குகளிலிருந்து வெளியேறி, மெமரி கார்டையும் சிம் கார்டையும் கழற்றிவிட்டுக் கொடுப்பதே பாதுகாப்பு. கடவுச்சொல்லைத் தாளில் எழுதித்தருவது தவிர்க்கப்பட வேண்டிய வழக்கம்.

கடையா, நிறுவனமா?

'விற்றதோடு எங்கள் வேலை முடிந்தது, கம்பெனியிடம் போங்கள்' என்பது கடைகளின் நிலையான பதில். அது முழு உண்மை அல்ல. குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அவ்வாறு குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது 2019 சட்டத்தின் 2(47) பிரிவின்படி 'நியாயமற்ற வணிக நடைமுறை'. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில் உள்ளது. எனவே வாங்கிய சில நாட்களிலேயே பழுதான டேப்லெட்டுக்கு முதலில் அணுக வேண்டியது கடையைத்தான்.

இணையத்தில் வாங்கியவர்களுக்கு 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூடுதல் பிடிமானம் தருகின்றன. ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து அவரது பெயரையும் தொடர்பு விவரங்களையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்பதும் அவ்விதிகளில் உண்டு. பெட்டியைத் திறக்கும் காட்சியைப் படம்பிடித்திருந்தால்தான் புகாரை ஏற்போம் என்று சில விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. விதிகளில் அப்படியொரு நிபந்தனை கிடையாது. எனினும் உடைந்தே வந்த திரை, கைக்கு வந்தபின் உடைந்த திரை அல்ல என்று நிறுவ அதைவிட எளிய வழியும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவந்த டேப்லெட்டுக்கு இந்தியாவில் வாரண்டி கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பல நிறுவனங்கள் விற்ற நாட்டுக்குள் மட்டுமே உத்தரவாதம் தருகின்றன.

யார் 'நுகர்வோர்' என்பதிலும் சட்டம் தாராளமாகவே உள்ளது. தவணையில் வாங்கியவரும் நுகர்வோரே. பணம் கொடுத்தவர் தந்தையாக இருந்து, அவர் ஒப்புதலுடன் பயன்படுத்துபவர் மகளாக இருந்தால் மகளும் நுகர்வோர்தான். அவர் பதினெட்டு வயது நிரம்பாதவரானால் பெற்றோர் புகார் அளிக்கலாம். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் விலக்கப்படுகிறார். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துவதற்கு மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவர், எடுத்துக்காட்டாக டேப்லெட்டில் பாடம் நடத்தும் தனிப்பயிற்சி ஆசிரியர், அந்த விலக்கில் சேரமாட்டார். கருவி பழுதாகிவிட்டது என்பதற்காகத் தவணையை நிறுத்துவது மட்டும் தவறான உத்தி. கடன் தந்தது வேறு நிறுவனம். பாதிக்கப்படுவது வாங்கியவரின் கடன் மதிப்பீடு.

புதியதே வேண்டும் என்று கேட்கலாமா?

பழுதான டேப்லெட்டுக்குப் பதிலாகப் புதிய டேப்லெட் என்பதே பலரது எதிர்பார்ப்பு. வாரண்டி ஆவணமோ, பழுதுபார்ப்பதா, மாற்றித்தருவதா என்பதை நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டிருக்கும். மாற்றித்தந்தாலும் புதுப்பிக்கப்பட்ட கருவியைத் தரலாம் என்றும் சில ஆவணங்கள் கூறும். 2006-இல் மாருதி உத்யோக் நிறுவனத்துக்கும் சுசீல் குமார் கப்கோத்ரா என்பவருக்கும் இடையிலான வழக்கில், வாரண்டி நிபந்தனை பழுதான பாகத்தை மாற்றித்தருவதைப் பற்றி மட்டுமே பேசும்போது வாகனத்தையே மாற்றித்தருமாறு உத்தரவிட்டது சரியல்ல என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கார் வழக்கு என்றாலும் வாரண்டிப் பூசல்கள் பலவற்றில் இத்தீர்ப்பு மேற்கோள் காட்டப்படுகிறது.

ஒரே பழுது மீண்டும் மீண்டும் வருவது வேறு கதை. மூன்று முறை மதர்போர்டு மாற்றியும் சரியாகாத கருவிக்கு மாற்றோ பணமோ கேட்பதில் நியாயம் கூடுகிறது. அதைக் காட்ட ஒவ்வொரு முறைக்கும் ஒரு ஜாப் ஷீட் வேண்டும். 'சும்மா சரிபார்த்துத் தருகிறோம்' என்று தாள் எதுவும் போடாமல் வாங்கிவைப்பதை ஏற்கக் கூடாது என்பது இதனால்தான்.

1915 முதல் மாவட்ட ஆணையம் வரை

நிறுவனத்தின் குறைதீர் பிரிவில் பதில் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழ் உட்பட 17 மொழிகளில் அங்குப் புகார் பெறப்படுகிறது. பல பெரிய நிறுவனங்கள் அந்த மையத்துடன் நேரடியாக இணைக்கப்பட்டிருப்பதால் புகார் உரிய அலுவலரிடம் விரைவாகச் செல்கிறது. ஆனால், உதவி மையம் தீர்ப்பு வழங்கும் அமைப்பு அன்று. நிறுவனம் 'பிசிக்கல் டேமேஜ்' என்ற பழைய பதிலையே எழுதியனுப்பினால், மையம் அதனை மீற இயலாது. புகார் அத்துடன் முடித்துவைக்கப்படும். அவ்வாறு முடித்துவைக்கப்பட்டதைத் தோல்வியாகக் கருதிப் பலர் அங்கேயே நின்றுவிடுகின்றனர். உண்மையில் அந்தப் பதில், நிறுவனத்தின் நிலைப்பாட்டை எழுத்தில் பெற்றுத்தந்த ஓர் ஆவணம்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதிடலாம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும், வாங்கிய கடை எந்த ஊரில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது 2019 சட்டம் கொண்டுவந்த முக்கிய மாற்றம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். இணையவழியில் தாக்கல் செய்ய 2020-இல் 'இ-தாக்கில்' தளம் தொடங்கப்பட்டது. 2025 முதல் 'இ-ஜாக்ரிதி' தளம் அப்பணியை ஏற்றுள்ளது. காணொளி வழியே விசாரணையில் பங்கேற்கவும் கோரலாம்.

எதிர்த்தரப்பாகக் கடை, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர், சர்வீஸ் சென்டர் மூவரையும் சேர்ப்பது வழக்கம். ஒருவரை விட்டுவிட்டால், பொறுப்பு அவருடையது என்று மற்றவர்கள் கைகாட்டுவர். தயாரிப்பாளரின் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் பெட்டியின் மீது அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. வாரண்டி முடியும்வரை அந்த அட்டைப்பெட்டியை எடைக்குப் போடாமல் வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

இங்கு ஒரு கடினமான உண்மை உண்டு. சேவையில் குறைபாடு இருந்தது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலில் புகார்தாரரையே சாரும் என்று 2021-இல் எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தயாரிப்புக் குறைபாடு என்று வெறுமனே சொன்னால் போதாது. ஜாப் ஷீட், காணொளி, மின்னஞ்சல், மறுப்புக் கடிதம் எல்லாம் இந்தச் சுமையை இறக்கிவைக்க உதவுபவை. அவை போதாதபோது, கருவியை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்புமாறு ஆணையத்திடம் கோர 38-ஆவது பிரிவு இடமளிக்கிறது. ஆய்வக அறிக்கை பொதுவாக 45 நாட்களுக்குள் வர வேண்டும். கட்டணத்தை முதலில் புகார்தாரர் கட்ட நேரும். மலிவான டேப்லெட்டுக்கு ஆய்வுச் செலவு கட்டுப்படியாகுமா என்பது ஒவ்வொருவரும் போட வேண்டிய கணக்கு. முக்கியமாக, வழக்கு நடக்கும்போது வேறு கடையில் கருவியைத் திறந்து சரிசெய்துவிட்டால் ஆய்வு செய்ய எதுவும் மிஞ்சாது.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதங்களுக்குள், ஆய்வு தேவைப்பட்டால் 5 மாதங்களுக்குள், வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இக்காலக்கெடு பல மாவட்டங்களில் காப்பாற்றப்படுவதில்லை. தேர்வுக்காக டேப்லெட் தேவைப்படும் மாணவருக்கு ஆணையம் உடனடி விடை அல்ல. இழந்த பணத்தை மீட்கும் வழி அது; இடைக்காலத்துக்கு வேறு ஏற்பாடு தேவை. அந்த ஏற்பாட்டுக்கு ஆன செலவின் ரசீதுகளை இழப்பீட்டுக் கோரிக்கையுடன் இணைக்கலாம்.

கூடுதல் பாதுகாப்புத் திட்டங்களும் இலவச டேப்லெட்டுகளும்

திரை உடைப்புக்கும் நீர் புகுந்ததற்கும் ஈடுதரும் கூடுதல் பாதுகாப்புத் திட்டங்கள் விற்பனையின்போதே பில்லில் சேர்க்கப்படுகின்றன. இவற்றில் சில சேவை ஒப்பந்தங்கள்; சில காப்பீட்டு நிறுவனம் வழங்கும் பாலிசிகள். எது எதுவென்று ஆவணத்தைப் பார்த்தால்தான் தெரியும். சம்பவம் நடந்த எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு என்பவை பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும். 'எல்லாம் கவர் ஆகும்' என்ற விற்பனையாளரின் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்டியவர்கள், உடைந்த பிறகுதான் அவற்றைப் படிக்கின்றனர்.

அரசுகள் வழங்கிய டேப்லெட்டுகளின் நிலை வேறு. ஹரியானா அரசு 2022 மே மாதம் பள்ளி மாணவர்களுக்கும், ஆந்திரப் பிரதேச அரசு அதே ஆண்டு டிசம்பரில் 8-ஆம் வகுப்பு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் டேப்லெட்டுகளை வழங்கத் தொடங்கின. இவற்றில் வாரண்டி ஒப்பந்தம் அரசுக்கும் வழங்கிய நிறுவனத்துக்கும் இடையிலானது. பில் மாணவர் கையில் இராது. எனவே பழுதானால் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகவே எழுத்தில் முறையிட்டு, ஒப்படைத்ததற்கு அத்தாட்சி பெற்றுக்கொள்வது முறை. பொறுமையிழந்து வெளிக்கடையில் திறந்துவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

பழுதுபார்க்கும் உரிமைக்கான குழு ஒன்றை மத்திய நுகர்வோர் நலத்துறை 2022 ஜூலையில் அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, இதற்கான இணையதளம் தொடங்கப்பட்டது. வேளாண் கருவிகள், வாகனங்கள், வீட்டு உபயோகப் பொருட்கள் ஆகியவற்றுடன் கைப்பேசியும் டேப்லெட்டும் அதன் நான்கு துறைகளில் இடம்பெற்றன. வாரண்டி நிபந்தனைகள், சர்வீஸ் சென்டர் விவரங்கள் போன்றவற்றை நிறுவனங்கள் அங்கு வெளியிடுகின்றன. ஒரு பொருளை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்க முடியும் என்பதை மதிப்பெண்ணாகக் காட்டும் குறியீட்டுக்கான பரிந்துரைகளையும் மற்றொரு குழு 2025-இல் அரசிடம் அளித்தது. பழுதுபார்க்கும் உரிமைக்கெனத் தனிச் சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை.

ஆணையம் புகார்தாரருக்குச் சாதகமாக உத்தரவிட்டால், குறையை நீக்குதல், புதிய பொருள் தருதல், விலையைத் திருப்பித்தருதல், இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றில் பொருத்தமானவற்றை அது வழங்கும். எதிர்த்தரப்பு 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்; ஆனால் உத்தரவிடப்பட்ட தொகையில் பாதியை முன்னதாகக் கட்டியாக வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல் உத்தரவையும் நிறைவேற்றாமல் விட்டால், புகார்தாரர் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு தாக்கல் செய்யலாம். உத்தரவை மதிக்காதவர்களுக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையோ, 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 72-ஆவது பிரிவு வகைசெய்கிறது.